நெடுங்கலத்தில் யாரும் ஐயா இல்லை

ஜூன் 3, செவ்வாய்

புதுத் தொடர் வந்துவிட்டது. வெளிநாட்டுத் தொடர், கொஞ்சம் பழையது, விண்வெளிக் கதை. தணிகாசலம் சார் பென்டிரைவை என் மேசையில் வைத்து, "இந்தத் தடவ வசனம் நீயே எழுதும்மா. ராக்கெட்டு சமாச்சாரம் எனக்கு ஒத்து வராது," என்றார். டப்பிங் ஸ்டூடியோவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எழுதுவதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன். நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். "சம்பளம் ஏறுமா?" என்றாள் அம்மா. ஏறாது. "டைட்டில்ல பேர் வரும்," என்றேன். "எங்க, டிவிலயா?" என்று அப்பா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு மோர் கேட்டார்.

ஜூன் 5, வியாழன்

முதல் சில பகுதிகளைப் பார்த்து முடித்தேன். நெடுங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறேன். சாருக்குப் பிடித்திருக்கிறது.

பல கிரகங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே கலத்தில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பணம் என்று ஒன்று கிடையாது. சமையல், பாத்திரம் கழுவுவது எல்லாம் முறை வைத்து நடக்கிறது. கேப்டன் ஓர்னா ஒரு பெண். அவருக்கும் முறை உண்டு. தெபின் என்று ஒருவர் காற்றுக் குழாய்களுக்குள் தவழ்ந்துபோய்த் தூசு எடுப்பவர். ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் எல்லாரும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். வில்லன் எப்போது வருவான் என்று காத்திருந்தேன். வரவில்லை. நல்லவர்களுக்குள்ளேயே சிக்கல் வருகிறது, பேசிப் பேசி அதைப் பிரிக்கிறார்கள்.

ஒரு காட்சி. கேப்டன் தாமதமாக வருகிறார். மேசையில் இடமில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "மேலே சொல்லுங்கள்" என்கிறார். யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் இருந்த தெபினும் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அண்ணா நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அப்பாவும் கோதண்டம் மாமாவும் அங்கே சம்ப் கழுவுகிறார்கள். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. வாயிலில் செக்ரட்டரி நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"சொல்லுங்க மேடம், எந்த ஃப்ளாட்டுக்கு வந்திருக்கீங்க?"

"முனிரத்னம் பொண்ணு. அப்பாவுக்கு சாப்பாடு."

"ஓ, முனி பொண்ணா. அந்தச் செவுத்தோரம் வெச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். நல்ல வெயில்.

ஜூன் 9, திங்கள்

இன்று முழுக்க ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினேன். ஆங்கிலத்தில் எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே சொல்தான். கேப்டனுக்கும் அதுதான், தெபினுக்கும் அதுதான். தமிழில் வாயைத் திறப்பதற்கு முன்பே நீயா நீங்களா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் ஸ்டூடியோவில் இதற்கு வழக்கம் உண்டு. பெரியவர் சின்னவரை நீ என்பார், சின்னவர் பெரியவரை நீங்க என்பார், கூட ஒரு சார் போடுவார். அப்படி இருந்தால்தான் யார் யாருக்குக் கீழே என்று பார்ப்பவர்களுக்கு உடனே பிடிபடும் என்பார் சார். நானும் பழக்கத்தில், "தெபின், உள்ளே வா" என்று தட்டிவிட்டேன். பிறகு அழித்தேன். "வாங்க தெபின்."

காரணம் ஒன்றுமில்லை. அந்தக் கலத்தில் அப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று தோன்றியது. எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். கேப்டனும் நீங்க, தெபினும் நீங்க.

ஜூன் 12, வியாழன்

முதல் பகுதி ஒலிப்பதிவு. கேப்டனுக்குக் குரல் கொடுப்பவர் ரெஜினா அக்கா. தெபினுக்கு ஜெயசீலன் அண்ணன்.

வாங்க என்பது வா என்பதைவிட நீளம். திரையில் கேப்டன் வாயை மூடிய பிறகும் தமிழ் ஓடிக்கொண்டிருந்தால் அசிங்கமாக இருக்கும். ஆகவே அங்கங்கே ஒரு சொல்லை எடுத்து இடம் பண்ணியிருந்தேன். "உள்ளே" போனது, "வாங்க" உட்கார்ந்தது. சார் கவனித்துவிட்டு, "பரவால்லியே, உதடு ஒட்டுது," என்றார்.

இடைவேளையில் ரெஜினா அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஏன்டி எழில், முந்நூறு வருஷம் கழிச்சும் பாத்திரம் கழுவ ஆள் இருக்குதா?"

"முறை வெச்சு கழுவுறாங்கக்கா. கேப்டனும் கழுவுறாங்க."

"ஆம்பளைங்க?"

"அவங்களும்தான்."

"அப்ப இது சத்தியமா கற்பனைக் கதைதான்."

ஜெயசீலன் அண்ணன் நான் எழுதாத ஒன்றைச் சேர்த்துவிட்டார். "சொல்லுங்க" என்றுதான் எழுதியிருந்தேன். "சொல்லுங்கம்மா" என்றார். குரலே கொஞ்சம் குனிந்தது. உதட்டில் இடம் இருந்ததால் சார் விட்டுவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளே இருப்பவரோடு பேசும் பொத்தான் இருந்தது. அழுத்தவில்லை.

ஜூன் 16, திங்கள்

சானலிலிருந்து ரோஷன் வந்து மாதிரிப் பகுதியைப் பார்த்தார். பிடிக்கவில்லை.

"கேப்டன் வெயிட்டாவே இல்லையே சார். ஏற்கெனவே லேடி. இதுல குழாய் கழுவுறவன வாங்க போங்கன்னா யாரு மதிப்பா?"

"மாத்திடலாம்," என்றார் சார்.

நான் ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. சார் திரும்பி, "என்னம்மா?" என்றார்.

"அது வேற உலகம் சார்."

"உலகம் வேறதாம்மா. பாக்குறவன் இங்கதான உக்காந்திருக்கான்?"

ரோஷன் போன பிறகு சார் கோபமில்லாமல்தான் சொன்னார். "அடுத்த திங்களுக்குள்ள மாத்திக் குடு. இல்லன்னா வேற ரைட்டர்கிட்ட போயிடும். அவன் மொத வேலையா எல்லாத்தையும் நீ வா போன்னு ஆக்குவான். உன் பேரும் டைட்டில்ல வராது. யோசிச்சுக்கோ."

ஜூன் 17, செவ்வாய்

மாற்றவில்லை.

ஜூன் 19, வியாழன்

அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாராம். நான் வந்தபோது படுத்திருந்தார். கோதண்டம் மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அதே குடியிருப்பு. பின்பக்கத்துச் சம்ப் ரொம்ப நாளாக மூடியே கிடந்ததாம். மூடியைத் திறந்த உடனே இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். பாதி ஏணியில் அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இடுப்புக் கயிற்றைப் பிடித்து மாமாதான் இழுத்துப் போட்டிருக்கிறார்.

"மேல நின்னுக்கினு அந்த செக்ரட்டரிப் பையன், என்னடா ஆச்சு, தண்ணி லாரி வந்துடும்டான்னு கத்தினுகீறான்," என்றார் மாமா.

"விடு கோதண்டம்," என்று உள்ளேயிருந்து அப்பா.

"காலைலயே மூடியத் தொறந்து வெச்சிருந்தா கெட்ட காத்து போயிருக்கும். இது தெரியாதா ஒங்கப்பாக்கு?"

நான் அப்பாவிடம் கேட்டேன். "சொல்றதுதானப்பா?"

"அவங்ககிட்ட எப்டிம்மா சொல்றது."

ரசம் வைத்தேன். அப்பாவின் சட்டைகளைத் துவைத்துப் போட்டேன். பிளீச்சிங் பவுடர் வாசம் போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஏழாம் பகுதியை எழுதத் தொடங்கினேன். முன்பே பார்த்ததுதான். இன்று நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடிந்தது.

தெபின் குழாய்க்குள் சிக்கிக்கொள்கிறார். கலம் நின்றால்தான் அந்தக் குழாய்க்குள் காற்று வரும். பின்னால் ஒரு புயல் துரத்தி வருகிறது. மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். எப்படி நிறுத்துவது, நிறுத்தினால் புயலை எப்படிச் சமாளிப்பது என்று பேசுகிறார்கள். ஒரு ஆளுக்காகவா என்று யாருமே கேட்பதில்லை. கேட்டிருந்தால் கதை சூடு பிடித்திருக்கும் என்று சார் சொல்வார். அந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எழுதியவர் யாரோ, அந்தக் கேள்வி இல்லாத ஒரு ஊரை உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார்.

கலம் நிற்கிறது. கேப்டனே குழாய்க்குள் தவழ்ந்து போகிறார். இருட்டு. தெபினின் கையைத் தொட்டு, நான் இருக்கிறேன், நீங்கள் தனியாக இல்லை என்கிறார்.

"பயப்படாதீங்க. நீங்க தனியா இல்ல." படித்துப் பார்த்தேன். வங்கியில் டோக்கன் கொடுப்பவர் பேசுவதுபோல் இருந்தது. அந்த இருட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

ரோஷன் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அடுப்படியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆற்றி எடுத்துப் போய், "எழுந்து உக்காரு. நீ குடிச்சிட்டுப் படுப்பா," என்றேன் அப்பாவிடம். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

நான் அப்பாவை நீ என்றுதான் பேசுகிறேன், பிறந்ததிலிருந்து. அதில் ஒரு குறையும் இல்லை. செக்ரட்டரி சொல்வதும் இதே நீதான். அப்பா எனக்கு அதைத் திருப்பிச் சொல்லலாம். அங்கே திருப்பிச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் எந்தச் சொல் என்பது முக்கியமில்லை. எது போகிறதோ அதுவே திரும்பி வர வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

சார், ரோஷன், நான். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பாதி மறந்துவிட்டது.

"ஆறாவது பகுதி வரைக்கும் ரெண்டு பேரும் நீங்கன்னே பேசிக்கட்டும் சார். அப்பதான் ஏழாவதுல கேப்டன் நீன்னு சொல்றது எடுபடும்."

"ஓ, நீ வருதா? சூப்பர்," என்றார் ரோஷன். "அதத்தான நான் சொன்னேன்."

"தெபினும் நீன்னுதான் பதில் சொல்வாரு."

"கேப்டனயா?"

"ஆமா."

ரோஷன் சாரைப் பார்த்தார். சார் மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஒலிப்பதிவுக்காக வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ரெஜினா அக்காதான், "சாமியையே நீ வா போன்னுதான சார் கூப்புடுறோம்? கேப்டன் என்ன சாமிக்கு மேலயா?" என்றார்.

"மேடம், அது பக்தி."

"இது தோஸ்த்துன்னு வெச்சுக்கோயேன்."

ரோஷன் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழாம் பகுதியை நான் எழுதியபடி பதிவு செய்து காட்ட வேண்டும். சரியாக வராவிட்டால் முதலிலிருந்து எல்லாம் பழைய வழக்கப்படி, வேறு ஆளை வைத்து. அதுதான் பேச்சு.

வெளியே வந்ததும் சார் கேட்டார். "உனக்கு ஏம்மா இதுல இவ்ளோ பிடிவாதம்? தலயாட்டிட்டுப் போற பொண்ணாச்சே நீ."

"கதைக்கு அதுதான் சார் சரி," என்றேன்.

ஜூன் 25, புதன்

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அப்பா "என்றார்". அம்மா "என்றாள்". நானேதான் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும். இன்றிலிருந்து அம்மாவும் "என்றார்".

ஜூன் 28, சனி

அப்பா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். "இன்னும் ரெண்டு நாள் இருந்தா என்ன?" என்றார் அம்மா. (பழக்கமில்லாததால் யாரோ பக்கத்து வீட்டு அம்மா சொன்னதுபோல் இருக்கிறது. பழகிவிடும்.) ரேஷனில் பாமாயில் வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஏழாம் பகுதி ஒலிப்பதிவு. ஏழு நாள் உதட்டோடு உதடு பார்த்து எழுதியது.

ரெஜினா அக்கா முதல் முயற்சியிலேயே முடித்துவிட்டார். "நான்தான். நீ தனியா இல்ல." சத்தமே இல்லாமல், மூச்சோடு சொன்னார்.

அடுத்தது தெபின். இருட்டில் ஒரு முகம் மட்டும் தெரியும். "நீ வந்துட்டியா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வசனம்.

"நீ வந்துட்டியாம்மா?" என்றார் ஜெயசீலன் அண்ணன்.

மறுபடி. "வந்துட்டீங்களா?"

மறுபடி. சொல் சரியாக வந்தது. குரல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அவரே ஹெட்ஃபோனைக் கழற்றினார். "வரல சார். டிரைவரு, வாட்ச்மேன், வேலக்காரன்னு பேசிப் பேசியே வாய் பழகிடுச்சு. ஐயா, அம்மா எல்லாம் தானா வந்து விழுது. பழையபடியே வெச்சிக்கலாமே?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். ரோஷன் பின்னால் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் "சரி..." என்று இழுத்தார். நான் கையை நீட்டிப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அழுத்திய பிறகு பேசித்தானே ஆக வேண்டும்.

"அண்ணே. தெபின் கேப்டனுக்குப் பயப்படல. இருட்டுக்குத்தான் பயப்படுறாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்னையே பார்த்தார். என் குரல் அந்த அறைக்குள் கேட்டது இதுதான் முதல் தடவை.

"மூச்சு முட்டுது. யாரும் வர மாட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டாரு. அப்ப ஒரு கை வந்து தொடுது. அந்த நேரத்துல அது கேப்டன் கையா, யார் கைன்னா பாப்பாரு? கயிறப் புடிச்சி இழுக்குறவன் யாரா இருந்தாலும்..." அதற்கு மேல் கயிறு கதையில் இல்லை என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஜெயசீலன் அண்ணன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். "விளக்க அணைங்க," என்றார்.

அறையை இருட்டாக்கினார்கள். திரையில் அந்த முகம் வந்தது.

"நீ வந்துட்டியா?"

உதடு ஒட்டியதா என்றுகூட நான் பார்க்கவில்லை. சார், "ஓகே. அடுத்தது," என்றார். திரும்பிப் பார்த்தேன். ரோஷனின் போன் சோபாவில் கிடந்தது.

ஜூலை 4, வெள்ளி

சானலிலிருந்து செய்தி. ஏழு சரி, மீதியும் இப்படியே போகட்டும். கூடவே ஒரு வரி: ஜெயசீலன் முன்னால் பேசிய ஆறு பகுதியிலும் அந்த "ம்மா"வை எடுத்துவிட முடியுமா?

முடியும் என்று பதில் போட்டேன். சாரைக் கேட்காமலே போட்டுவிட்டேன்.

ஜூலை 9, புதன்

முழு நாளும் "ம்மா" எடுத்தோம். ஜெயசீலன் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். "எவ்ளோம்மா இருக்கு. இத்தன அம்மா எனக்கு எங்கேந்து வந்தாங்க?"

ஆகஸ்ட் 9, சனி

தொடர் தினமும் மாலை ஏழு மணிக்கு ஓடுகிறது. இன்று ஏழாம் பகுதி. கோதண்டம் மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அம்மா சுண்டல் செய்திருந்தார். என் பெயர் வந்தபோது சரியாக அம்மா அடுப்படியில் இருந்தார். "தமிழ் வசனம் மு. எழிலரசி," என்று மாமா சத்தமாகப் படித்தார். "மு. யாரு? நம்மாளுதான்." அப்பா காலை நீட்டி உட்கார்ந்தார்.

கேப்டன் குழாய்க்குள் இறங்கியதும் அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இடுப்புல கயிறு இல்லாம எறங்குது பாரு அந்தம்மா."

"கேப்டனாச்சே, யாரும் சொல்லித் தரலபோல."

பிறகு இருட்டு. "நீ வந்துட்டியா?" வீட்டில் யாரும் சுண்டல் மெல்லவில்லை.

விளம்பரம் வந்ததும் அப்பா கேட்டார். "அவன் கேப்டன நீன்னு கூப்புடுறான்?"

"ஆமாப்பா."

"அந்தம்மா ஒண்ணும் சொல்லலியே."

"அவங்களும் அதத்தான சொன்னாங்க."

"ம்," என்றார். விளம்பரம் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மாரி ஊரு எங்கியாச்சும் கீதா?"

"இல்லப்பா. யாரோ நெனச்சுப் பாத்திருக்காங்க."

"நெனச்சாச்சும் பாத்தாங்களே," என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. அதில் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். அண்ணா நகர் செக்ரட்டரி.

"என்னப்பா முனி, அன்னைக்குப் பாதில விட்ட பின்பக்க சம்ப்ப நாளைக்கு முடிச்சுக் குடுத்துடு. காலைல வந்துடு, என்ன?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மா தோசைக்கல்லைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வரேன் தம்பி. நீ ஒண்ணு பண்ணு," என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. என்னிடம் பேசுவதுபோலத்தான் பேசினார். "இன்னைக்கே மூடியத் தொறந்து வெச்சிடு. புள்ளைங்க விழாம சுத்தி ஏதாச்சும் கட்டி வை. காத்து போகட்டும். நான் வந்து வெளக்க எறக்கி, அணையுதான்னு பாப்பேன். அப்பறந்தான் எறங்குவேன். எறங்குறப்ப யாரும் மோட்டாரப் போட்டுடாம பக்கத்துல நீ நில்லு."

வாரிய சீப்பு தலையிலேயே நின்றது. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், கட் ஆகிவிட்டதா என்று. ஆகவில்லை. மறுபடி காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். செக்ரட்டரி சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"என்னப்பா சொன்னாங்க?"

"தொறந்து வெக்கிறானாம்," என்றார். "தோசைய எடு. நீயும் உக்காரு, பஸ்ஸு போயிடப் போவுது."